பொத்தானை அடுக்கியும் விடை தப்பாகவே வருகிறது: என்ன செய்வது?

தேன்சிட்டு

மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. கூட்டல், கழித்தலை வெறும் எண்ணாகக் கொடுத்தால் போட்டுவிடுகிறாள். அதையே மூன்று வரிக் கதையாகக் கொடுத்தால் விழிக்கிறாள். "கையில் பொருளைக் கொடுத்துச் சொல்லித் தாருங்கள்" என்று ஆளுக்கு ஆள் சொன்னதால், கிழிந்த சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தேன். நூறுக்கு மேல் இருக்கும்.

நேற்று வந்த கணக்கு இது:

"கயலிடம் 8 பென்சில்கள் உள்ளன. அவளிடம் தம்பியைவிட 3 பென்சில்கள் அதிகம். தம்பியிடம் உள்ள பென்சில்கள் எத்தனை?"

அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். எட்டுப் பொத்தான்களை எடுத்து வைத்தாள். புத்தகத்தில் "அதிகம்" என்ற சொல்லின்மேல் விரலை ஊன்றினாள். இன்னும் மூன்று எடுத்தாள். எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணி, 11 என்று எழுதினாள். எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. காகிதத்தில் அவசரமாகச் செய்யும் தப்பைப் பொத்தானை வைத்து நிதானமாகச் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இல்லையம்மா, இங்கே கழிக்க வேண்டும்" என்றேன். "அதிகம் என்று வந்தால் கூட்டு என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தப் பொத்தான்களால் என்னதான் பயன்? நான் எங்கே கோட்டை விடுகிறேன்?

வாய்ப்பாடு

சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மணி, குச்சி, வண்ணக் கட்டை என்று இரண்டு வருடம் ஓட்டினோம். ஒன்பது வயதிலும் என் மகன் 7+5க்கு மேசைக்கு அடியில் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, தினமும் காலையில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். ஆறு மாதத்தில் கேட்ட மாத்திரத்தில் விடை வந்தது. இப்போது 10 வயது, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வான்.

நடைவண்டியை எவ்வளவு நாள் தள்ளுவது? ஒருநாள் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

பழைய கரும்பலகை

தேன்சிட்டு, உங்கள் மகளிடம் குறையில்லை. அவள் கையில் கொடுத்த சாவிதான் கோளாறு. "அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, ஆளுக்கு என்றால் வகு" என்ற பட்டியலைச் சொல்கிறேன். தொடக்க வகுப்புகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் முதல் பத்து வருடம் அந்தப் பட்டியலை என் கையாலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதைக் கற்ற பிள்ளை கதையைப் படிப்பதில்லை. இரண்டு எண்ணைப் பொறுக்கும், ஒரு சொல்லைப் பொறுக்கும், வேலை முடிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பொத்தான் கொடுத்தால் அதே பட்டியலைப் பொத்தானில் செய்து காட்டும்.

ஒரு கேள்வி. அவள் வைத்த பொத்தான்களில் தம்பி எங்கே இருந்தான்? கதையில் இரண்டு பேர், மேசையில் ஒரே குவியல். அவளிடம் "தம்பியின் பென்சிலைக் காட்டு" என்று கேட்டிருந்தால் அப்போதே திகைத்திருப்பாள். அந்தத் திகைப்பை வரவழைப்பதற்குத்தான் பொருள் வேண்டும், விடையை எண்ணியெடுப்பதற்கு இல்லை.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் எண்ணை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லுங்கள்: "கயலிடம் கொஞ்சம் பென்சில் இருக்கிறது. தம்பியைவிட அவளிடம் அதிகம்." எண் இல்லாத கதையில் பொறுக்குவதற்கு ஒன்றும் கிடைக்காது, கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரிடம் அதிகம் என்று கேளுங்கள். கயல் என்பாள். இப்போது இரண்டு காகிதக் கீற்றுகளை மேலும் கீழுமாக வையுங்கள். மேலே கயல், கீழே தம்பி. கயலின் கீற்றில் எட்டுப் பொத்தான்களை அவளே வரிசையாக வைக்கட்டும். தம்பிக்கு எத்தனை என்று தெரியாது, ஆனால் கயலிடம் மூன்று மிஞ்ச வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று அவளிடமே விடுங்கள். சில பிள்ளைகள் மேல் வரிசையின் கடைசி மூன்றைக் கையால் மூடிக்கொண்டு மற்றவற்றுக்கு நேராக வைப்பார்கள். சிலர் எட்டுக்கு எட்டு வைத்துவிட்டு மூன்றை உருவுவார்கள். இரண்டும் சரிதான்.

அப்புறம், உங்கள் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை நீங்கள் நகர்த்தினால் கணக்குப் போட்டது நீங்கள்தான். எனக்கு இதுதான் கற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது. பிள்ளை தடுமாறும்போது நம் விரல் தானாக நீளும்.

தமிழில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. "தம்பியைவிட 3 அதிகம்" என்ற தொடரில் தம்பியும் 3-உம் அதிகமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. நடுவில் வால்போல் ஒட்டியிருக்கும் "விட" என்பதைக் கண் தாண்டிவிட்டால் "தம்பி 3 அதிகம்" என்றுதான் மனத்தில் விழும். அந்த "விட"வைச் சத்தமாக, கொஞ்சம் இழுத்து வாசித்துப் பாருங்கள்.

அரைக்கால்

டீச்சர் சொன்னதற்கு ஒத்தாசையாக ஒரு பழைய ஆய்வு. 1983-இல் ஹட்சன் என்பவர் சிறு பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். ஐந்து பறவைகள், மூன்று புழுக்கள். "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று கேட்டபோது மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் 17 சதவீதத்தினரே சரியாகச் சொன்னார்கள். படத்தை மாற்றவில்லை, எண்ணையும் மாற்றவில்லை. "ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பறக்கிறது, புழு கிடைக்காமல் போகும் பறவைகள் எத்தனை?" என்று கேட்டார். 83 சதவீதத்தினர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். முதல் வகுப்பிலும் இதே கதைதான்: 64 சதவீதம், பிறகு 100.

கழித்தல் தெரியாததால் தடுமாறவில்லை. "எத்தனை அதிகம்" என்ற கேள்வியைக் கையால் செய்யக்கூடிய ஒரு காரியமாக மாற்றத் தெரியவில்லை. "கிடைக்காமல் போனது" என்றவுடன் பிள்ளை ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துப் பார்க்கிறது, மிச்சம் கண்ணில் படுகிறது.

வாய்ப்பாடு ஐயா, மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை, அது வேண்டும். ஆனால் கணக்குப் போடத் தெரிவது ஒன்று, கதை புரிவது வேறொன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடு தழுவிய தேர்வு ஒன்றில் 13 வயது மாணவர்களிடம் இப்படிக் கேட்டார்கள்: ஒரு பஸ்ஸில் 36 படைவீரர்கள் போகலாம், 1128 பேரை ஏற்றிச்செல்ல எத்தனை பஸ்கள் வேண்டும்? பெரும்பாலோர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 என்று எழுதியவர்களோ நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. "31, மீதி 12" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் அவர்களைவிட அதிகம். மீதி 12 என்பது தெருவில் நிற்கும் பன்னிரண்டு ஆட்கள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வாய்ப்பாடு

பஸ் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பொருளை எப்போது விடுவது? பிடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

நூல்கண்டு

அதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணுவதற்கென்று கண்ணைப் பறிக்கும் விலங்குப் பொம்மைகளை வாங்கினேன். யானை, கரடி, முயல். "ஐந்து கரடி, இரண்டு கரடி போய்விட்டது" என்று ஆரம்பித்தேன். "ஏன் போச்சு? அம்மாக் கரடி அழாதா?" என்று கேட்டுவிட்டு, போன இரண்டையும் மீட்டுக்கொண்டு வந்து மற்றவற்றோடு படுக்க வைத்துப் போர்வை போர்த்திவிட்டான் என் மகன். கணக்கு அன்றைக்கு அத்துடன் உறங்கிப்போனது. பிறகு ஒரே நிறப் பாட்டில் மூடிகளுக்கு மாறினேன். மூடிக்கு யாரும் அழவில்லை.

இன்னொன்று: வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பொத்தான், மணி வேண்டவே வேண்டாம். எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும்.

அரைக்கால்

நூல்கண்டு சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2009-இல் மெக்நீல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அசல் நோட்டையும் நாணயத்தையும் போலவே இருந்த விளையாட்டுப் பணத்தை வைத்துக் கணக்குப் போட்ட பிள்ளைகள் கூடுதலாகத் தவறு செய்தார்கள். ஆனால் அதிலேயே ஒரு மறுபக்கமும் உண்டு. அவர்கள் செய்த தவறுகளில் கதையையே தப்பாகப் புரிந்துகொண்டவை குறைவு. ஆக, அசலைப் போன்ற பொருள் கதையைப் பிடிக்க உதவுகிறது, எண்ணும்போது கவனத்தைக் கலைக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: கதையைச் சொல்லும்போது நிஜப் பென்சில், கணக்குக்கு உட்காரும்போது மூடி.

பொருளால் பயன் உண்டா என்பதையே மொத்தமாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கார்பனோ, மார்லி, செலிக் மூவரும் 55 ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியிட்டார்கள். வெறும் எண்களை மட்டும் வைத்துக் கற்பிப்பதைவிடப் பொருள்களோடு கற்பிப்பது மேல் என்று வந்தது. ஆனால் பலன் சிறியது முதல் நடுத்தரம் வரைதான், அதுவும் எப்படிக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. டப்பாவைத் திறந்து வைத்தால் மட்டும் மந்திரம் நடக்காது.

பழைய கரும்பலகை

வாய்ப்பாடு ஐயாவின் கேள்வி நியாயமானது. பொருளைப் பிடுங்கவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. நான் மறைப்பேன்.

ஒரு காலி அட்டைப் பெட்டி போதும். 9+4 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மூடிகளைப் பிள்ளையே எண்ணி வைக்கும். அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்துவிடுவேன். பெட்டிக்கு வெளியே நான்கு. "மொத்தம் எத்தனை?" முதல் நாள் பிள்ளை பெட்டியைத் தூக்கிப் பார்க்கும். பார்க்கட்டும். இரண்டாம் நாள் பெட்டியின்மேல் விரலால் ஒன்பது முறை தட்டிவிட்டு வெளியே உள்ளதை எண்ணும். அந்தத் தட்டலைக் கேட்கும்போது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒன்பதை அது எண்ண ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில நாளில் பெட்டியைப் பார்த்து "ஒன்பது" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு "பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று" என்று போகும். அதற்கடுத்து ஒரு மூடியைப் பெட்டிக்குள் தள்ளி, "பத்தும் மூன்றும்" என்று முடித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கட்டத்துக்கு வந்த பிள்ளைக்கு மூடியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

பொருளுக்கும் எண்ணுக்கும் நடுவில் படம் ஒன்று இருப்பதை நாம் பலரும் மறந்துவிடுகிறோம். மூடியை அடுக்கியபின் அதையே வட்டமாக வரையச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து வட்டத்துக்குப் பதில் ஒரு நீளக் கட்டம், உள்ளே 8 என்ற எண். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-இல் எழுதியதும் இதே வரிசையைத்தான்: செய்து அறிவது, படமாக அறிவது, குறியாக அறிவது. உங்கள் மகன் விஷயத்தில் செய்வதிலிருந்து நேராகக் குறிக்குத் தாவியிருப்பீர்கள். நடுப்படியில் கால் வைக்காததால்தான் விரலை மேசைக்கடியில் ஒளித்திருப்பான் என்பது என் ஊகம். விரலைத் திட்டாதீர்கள் ஐயா, அது எங்கே போனாலும் கூடவே வரும் பொருள்.

தேன்சிட்டு

செய்து பார்த்தேன். நடந்தது இதுதான்.

எண் இல்லாமல் கதையைச் சொன்னதும் சிரித்தாள். "கொஞ்சம் என்றால் எத்தனை?" என்றாள். தெரியாது என்றேன். "யாரிடம் அதிகம்?" "கயலிடம்." இதுவரை சரி. கீற்றுகளைப் போட்டோம். மேலே எட்டு வைத்தாள். கீழே எட்டு வைத்து, அதன் பக்கத்தில் இன்னும் மூன்று வைத்துவிட்டாள். மறுபடியும் பதினொன்று.

என் கை நீண்டது. டீச்சர் ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டேன். "யாரிடம் அதிகம் என்று சொன்னாய்?" என்று மட்டும் கேட்டேன். "கயலி..." என்று ஆரம்பித்தவள் வரிசையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். கீழ் வரிசை நீண்டு நின்றது. ஒரு நிமிடம் போல ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு கீற்றுகளின் பெயரையும் மாற்றி, தம்பியை மேலே போட்டுவிட்டாள்! கயலிடம் இப்போது 11, தம்பியிடம் 8. கயலிடம் மூன்று அதிகமாகத்தான் இருக்கிறது. எனக்கே குழம்பிவிட்டது. "கதையில் கயலிடம் எத்தனை?" என்றேன். புத்தகத்தை எடுத்துப் படித்தாள். "எட்டு... ஐயோ" என்றாள். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து வைத்தாள். மேலே எட்டு, கீழே ஒவ்வொன்றாக. ஐந்தாவதில் நின்று, மேலே துணையில்லாமல் இருந்த மூன்றைத் தொட்டுப் பார்த்தாள். "தம்பியிடம் ஐந்து."

ஒரு கணக்குக்கு 20 நிமிடம் ஆனது. பாடத்தில் இன்னும் ஒன்பது கணக்குகள் மீதி இருந்தன. செய்யவில்லை.

பழைய கரும்பலகை

பெயரை மாற்றிப் போட்டது வீணில்லை. கயலிடம் மூன்று அதிகம் என்ற நிபந்தனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், எட்டு யாருடையது என்பதை மட்டும் நழுவவிட்டாள். 11 என்று எழுதிய முதல் நாளில் இந்த இரண்டுமே அவள் கையில் இல்லை. அந்த ஒன்பதைச் செய்யாதது நல்லது.

திண்ணை

குறுக்கே புகுகிறேன், மன்னிக்கவும். என் பேத்திக்கு எட்டு வயது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்கிறாள். சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறாள். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்தேன். "வாங்கின கடனை எப்போது திருப்பித் தருவோம் தாத்தா?" என்கிறாள். நான் என்ன சொல்ல?

பழைய கரும்பலகை

பேத்தி கேட்டது சரியான கேள்வி. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். கட்டைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான்.

குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள். கட்டுவதையும் அவளே செய்ய வேண்டும், கட்டிக் கொடுத்தால் அது அவளுக்கு ஒரு தடிக் குச்சிதான். 52 என்பது ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். 27 வேண்டும் என்று கையை நீட்டுங்கள். இரண்டு கட்டைக் கொடுப்பாள். ஏழு உதிரி கேட்பீர்கள். அவளிடம் இருப்பது இரண்டு. இந்த இடத்தில் எதுவும் சொல்லாமல் கையை நீட்டியபடியே இருங்கள். ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவும் சத்தம் கேட்கும். பத்தும் உதிர்ந்து இரண்டோடு சேர்ந்து பன்னிரண்டாகும். ஏழு கொடுத்தால் ஐந்து. மீதி இரண்டு கட்டும் ஐந்து உதிரியும். 25.

அவள் ரப்பர் பேண்டை உருவியதும் கணக்கில் அதற்கு நேரான இடத்தை எழுதச் சொல்லுங்கள். கட்டு ஒன்று குறைந்ததை எழுத வேண்டும், உதிரி பன்னிரண்டு ஆனதை எழுத வேண்டும். குச்சி ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நடந்தால் குச்சியில் சரியாகவும் நோட்டில் 35 ஆகவும் போடுவாள். இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

கடையில் விற்கும், பத்தைக் குறிக்கும் கட்டைகளும், மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கும் தங்க நிற மணிக் கம்பிகளும் அழகானவை. பத்து மணி ஒரு கம்பி, நூறு மணி ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். ஆயிரத்தைக் கையில் தூக்கும் பிள்ளைக்கு அதன் கனம் தெரியும், எந்தப் படமும் அதைத் தராது. ஆனால் அவற்றைப் பிரிக்க முடியாது, கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் முடியும். அதனால் குச்சிக்கட்டு முதலில், கட்டை பிறகு.

அரைக்கால்

தமிழ் எண்ணுப்பெயர்கள் இந்தக் கட்டுக்கணக்குக்குத் தோதானவை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இரு பத்தும் மூன்றும். குச்சியை வைத்தபடியே பெயர் சொல்லலாம். ஆனால் ஒன்பதில் வந்து காலை வாருகிறது. ஒன்பது என்பது பத்தின் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டு இருக்கிறது. தொண்ணூறு நூற்றின் பெயரையும், தொள்ளாயிரம் ஆயிரத்தின் பெயரையும் போட்டுக்கொண்டு நிற்கின்றன. எண்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை "தொண்ணூற்று ஐந்து" என்று கேட்டு 905 என்று எழுதினால் அது முட்டாள்தனம் இல்லை, காதில் நூறு விழுகிறது. ஒன்பது கட்டையும் ஐந்து உதிரியையும் மேசையில் வைத்து, "இதற்குத்தான் இந்தக் குறும்புப் பெயர்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

திண்ணை

என் பேத்தி 905 எழுதியிருக்கிறாள். நான் திட்டியும் இருக்கிறேன். போகட்டும், ரப்பர் பேண்ட் தேடுகிறேன்.

நூல்கண்டு

எண்ணவே முடியாத பொருளும் வேண்டும் என்று நினைக்கிறேன். என்னிடம் அட்டையில் வெட்டிய பட்டைகள் இருக்கின்றன. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம். பெல்ஜியத்தில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குயிசெனேர் மரத்தில் செய்து 1952-இல் அதைப் பற்றி எழுதினார். அவருடைய கட்டையில் 1 வெள்ளை, 2 சிவப்பு, 5 மஞ்சள், 10 ஆரஞ்சு. நான் அந்த நிறங்களையே வைத்துக்கொண்டேன். கோடு எதுவும் போடக் கூடாது. கோடு இருந்தால் பிள்ளை எண்ண ஆரம்பித்துவிடும். கோடு இல்லாவிட்டால் நீளத்தைத்தான் ஒப்பிட்டாக வேண்டும்.

தேன்சிட்டுவின் கணக்கை இதில் வைத்தால்: மேலே 8 செ.மீ. பட்டை. அதன் வலது ஓரத்துக்கு அடியில் 3 செ.மீ. பட்டை. இடது பக்கம் ஒரு காலி இடம் இருக்கிறது பாருங்கள், அதுதான் தம்பி. அந்த இடத்தில் எந்தப் பட்டை கச்சிதமாக உட்காரும் என்று தேட விடுங்கள். மஞ்சள். மேலே ஒன்று, கீழே இரண்டு என்று அதைக் காகிதத்தில் வரைந்தால் டீச்சர் சொன்ன நீளக் கட்டப் படம் தானாக வந்துவிடும்.

மட்டுறுத்துநர்

இழை நீள்கிறது. பின்னத்தைப் பற்றிக் கேட்க விரும்புபவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

பழைய கரும்பலகை

தொடங்கும்வரை ஒரே வரி: கால் பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்ற சண்டைக்குக் காகிதக் கீற்றை மடித்துப் பார்ப்பதைவிட நல்ல நடுவர் கிடையாது. மன்னிக்கவும், மட்டுறுத்துநரே.

வகுத்தலைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 12 கோலிகளை 3 பேருக்குப் பங்கிடு என்றால் கை செய்வது வேறு, ஒரு பைக்கு 3 வீதம் போட்டால் எத்தனை பை என்றால் கை செய்வது வேறு. முதலாவதில் ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வைக்கும். இரண்டாவதில் மூன்று மூன்றாக அள்ளும். நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி, 12ஐ 3ஆல் வகுத்தால் 4. நாம் பெரும்பாலும் பங்கிடுவதை மட்டும் காட்டிவிட்டு, இரண்டாவது வகைக் கதை வரும்போது பிள்ளை ஏன் விழிக்கிறது என்று கேட்கிறோம். அள்ளுவதையும் செய்ய விடுங்கள். அந்த பஸ் கணக்கு அள்ளும் வகைதான். 13 மூடிகளை நான்கு நான்காக அள்ளினால் கடைசியில் ஒரு மூடி தனியாக நிற்கும். "இவரை என்ன செய்வது?" என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை இன்னொரு வண்டி கொண்டுவரும்.

தேன்சிட்டு

பத்து நாள் கழித்து வருகிறேன். தினமும் ஒரே ஒரு கதைக் கணக்குதான். புத்தகக் கணக்கு பாதி நாள், மீதி நாள் அவளே கதை சொல்ல வேண்டும், நான் பொத்தானை வைக்க வேண்டும். அவள் சொல்லும் கதைகளில் பாதி கணக்கே இல்லை. "என்னிடம் நாலு பொத்தான், உன்னிடம் ஆறு, உன் சட்டை என்ன நிறம்?" என்கிறாள். ஆனால் கதையில் யார், யாரிடம் எத்தனை என்பதை இப்போது அவளே விசாரிக்கிறாள். நேற்று ஒரு கணக்கைக் கீற்று இல்லாமல் இரண்டு கோடு வரைந்து போட்டாள்.

இன்று காலை அவள் எனக்குக் கொடுத்தது: "என்னிடம் 7 பொத்தான். உன்னைவிட எனக்கு 2 குறைவு. உன்னிடம் எத்தனை?" வாய் வரைக்கும் ஒரு விடை வந்துவிட்டது. சொல்லவில்லை. டப்பாவை இழுத்துக்கொண்டேன். அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்ப்பாடு

அந்த ஏழு பொத்தான் கணக்கை என் மகனிடம் கேட்டேன். நான் முடிப்பதற்குள் "ஐந்து" என்றான்.

பரணிலிருந்து மூட்டையை இறக்கியிருக்கிறேன். அட்டைப் பெட்டி எந்த அளவில் இருக்க வேண்டும், டீச்சர்?